கொடைக்கானல் பிள்ளைக்கு எதற்குப் பனிமனிதன்?

யூகேஜியில் "பருவங்கள்" பாடம் நடத்தும் மாதம் வந்துவிட்டால் எங்கள் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் ஒரே மாதிரி சார்ட்தான் தொங்குகிறது. நான்கு கட்டம். ஒன்றில் பூ, ஒன்றில் சூரியன், ஒன்றில் மஞ்சளும் சிவப்புமாக இலை உதிர்க்கும் மரம், கடைசிக் கட்டத்தில் கேரட் மூக்கு வைத்த பனிமனிதன். அதைப் பார்த்துப் பஞ்சு ஒட்டி, தெர்மாகோல் உதிர்த்து, ராத்திரி உட்கார்ந்து அம்மாக்கள் செய்து முடிக்கிறார்கள். காலையில் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. 2,100 மீட்டர் உயரத்தில், விடிந்தால் ஜன்னலுக்கு வெளியே மேகம் வந்து நிற்கிற கொடைக்கானலில் வளரும் பிள்ளை அது. அந்தப் பிள்ளை நனைந்த மழை, நடுங்கிய குளிர் எதுவும் அந்தச் சார்ட்டில் இல்லை.

எனக்கு இதில் மனசார வருத்தம் உண்டு. ஐந்து வயதில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு என்பது தொட்டுப் பார்ப்பதும் கேள்வி கேட்பதும்தான். தான் ஒருநாளும் பார்க்காத பனிமனிதனைப் பற்றி அது என்ன கேட்கும்? "இதுதான் குளிர்காலம்" என்று நாம் சொன்னால் சரி என்று தலையாட்டும், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளைகளோடு செய்யும் கைவேலை எல்லாம் அந்தந்த மாதம் நம் வாசலில் என்ன கிடைக்கிறதோ அதிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலையில் வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் நம்முடைய வருஷம் கீழே வத்தலக்குண்டில் இருப்பவர்களின் வருஷம்கூட இல்லை.

எங்கள் வீட்டில் நான்கு கட்டத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் இருக்கிறது. பழைய காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி ஆறு பங்காகக் கோடு போட்டோம். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இந்த ஆறில் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்கு உரியவை என்று சொல்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை எங்கள் ஊரில் எப்படிக் கொட்டும், தை மாதத்து விடியலில் விரல் எப்படி மரத்துப்போகும் என்று தெரிந்தவர்களுக்கு, அவ்வளவு காலத்துக்கு முன்னால் மலையைப் பார்த்து எழுதியவர்கள் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று புரியும்.

வட்டத்தை நாங்கள் வெறுமையாகத்தான் விட்டோம். அந்தந்த மாதம் கிடைப்பதைப் பாப்பாவே ஒட்டுகிறாள். பங்குனியில் ஜகரண்டா மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் ஊதாப் பூ. ஆடிக் காற்றில் விழுந்த தைல மரக் காய். மாசியில் காய்ந்த புல். பசையில் பாதி அவள் கையிலும் பாவாடையிலும் போகிறது. போகட்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது நிழல் குச்சிதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண் நிரப்பிய சின்னத் தொட்டியில் ஒரு குச்சியை நேராக நட்டு, அட்டை விரித்த ஒரு பலகையின் நடுவில் வைத்துவிடுங்கள். தொட்டியை அசைக்கக்கூடாது, பலகை எப்போதும் ஒரே திசை பார்த்து இருக்கவேண்டும். வாரம் ஒருமுறை, வெயில் இருக்கும் நாளில், பகல் 12.20 மணிவாக்கில் நிழலின் நுனி எங்கே விழுகிறதோ அங்கே பிள்ளையை ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஏன் பன்னிரண்டு மணி இல்லை என்றால், நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே, அலகாபாத்துக்குப் பக்கத்தில் போகும் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாம் மேற்கே இருப்பதால் சூரியன் நமக்கு உச்சிக்கு வர இருபது நிமிஷம் கூடப் பிடிக்கும். மார்கழியில் நிழல் வடக்கே நீளமாக விழும். வாரம் போகப் போகப் புள்ளிகள் குச்சியை நோக்கி நடந்து வரும். சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் நிழல் குச்சிக்குள்ளேயே போய்விடும். நாம் ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறது. "அம்மா, குச்சிக்கு நிழலே காணோம்" என்று பாப்பா கத்திய சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் நிழல் தெற்குப் பக்கம் தாண்டி விழ ஆரம்பிக்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஒருநாள் மறைந்து வடக்கே திரும்பும்.

இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. புள்ளிகளை வரிசையாக இணைத்தால் கிடைக்கும் கோடுதான் அந்த வருஷத்தின் படம். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது, நிழலைத்தான் பார்க்கவேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

இதைச் செய்யும் ஊர் எது என்று யோசியுங்கள். 1899-ல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்ட ஊர். சூரியப் புள்ளிகளுக்குள்ளிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கிருந்துதான். உலகம் முழுக்க இன்றைக்கும் அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் மலை இது. சுற்றுலா வருபவர்களுக்கு அது பார்த்துவிட்டுப் போகும் ஓர் இடம். நம் பிள்ளைகளுக்கு அப்படி இருக்கக்கூடாது. குச்சி நட்டு நிழல் பார்த்த பிள்ளையை அங்கே கூட்டிப் போய்ப் பாருங்கள், அது கேட்கும் கேள்வியே வேறு.

மற்றவற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன்.

மாசி, பங்குனி காய்ந்த மாதங்கள். சாலையோரம் விழுந்து கிடக்கும் பைன் காய் ஒன்று போதும். விரிந்திருக்கும் காயைத் தண்ணீரில் போட்டால் அரைமணி ஒருமணியில் செதில்களை மூடிக்கொள்ளும். அடுப்பு மேடையில் காயவைத்தால் மறுபடி விரியும். செதிலின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட அதிகமாக ஈரத்தை வாங்கி உப்புவதால் அப்படி வளைகிறது. விதை காய்ந்த நாளில் பறக்கவேண்டும் என்பதற்காகக் காய் செய்யும் வேலை இது. அந்தக் காயை நூல் கட்டி ஜன்னலில் தொங்கவிடுங்கள். மூடுபனி இறங்கும் நாள் எது என்று அது பிள்ளைக்குக் காட்டும்.

பைன் காயைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்துவிடலாம். பைன், தைல மரம், சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் மரம் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மலையின் சொந்த உடம்பு சோலையும் புல்வெளியும்தான். இரண்டு தட்டு எடுத்து, ஒன்றில் புல்லோடு பெயர்த்த மண், இன்னொன்றில் வெறும் மண் போட்டு, இரண்டையும் சாய்த்து வைத்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் மண் தட்டிலிருந்து தண்ணீர் கலங்கி உடனே ஓடிவிடும். புல் தட்டிலிருந்து தெளிவாக, மெதுவாகச் சொட்டும். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது என்பதை அதற்கு அடுத்த தடவை பஸ்ஸில் இறங்கும்போது காட்டினால் பிள்ளைக்கு இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சித்திரை, வைகாசி எங்களுக்குச் சீசன். மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் அதுதான் பிளம்ஸ் மாதம், வேலை பாதி சமையலறையிலேயே முடிந்துவிடும். அம்மாச்சி ஜாம் கிண்டும்போது தோலை எடுத்து வைத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் சிவந்த சாறு வரும். இரண்டு தம்ளரில் பிரித்து ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் ஆப்ப சோடா போட்டால் சிவப்பு செத்து நீலமும் பச்சையுமாக மாறும். அந்தத் தண்ணீரைத் தொட்டே பாப்பா படம் வரைகிறாள். "ஏ தங்கம், நான் அம்பது வருசமா பிளம்ஸ் வேகவைக்கிறேன், எனக்கு இது தெரியாதே" என்று அம்மாச்சி சொன்னபோது பாப்பாவுக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டும். அம்மாச்சிக்குத் தெரியாததைத் தான் காட்டியிருக்கிறாள் அல்லவா.

ஐப்பசி, கார்த்திகைக்கு மழை பாட்டில். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் ஸ்கேல் பிடித்து அளக்கவேண்டும். எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறதோ அத்தனை மில்லிமீட்டர் மழை. அந்த உயரத்துக்கு நீல நூலை வெட்டித் தேதி எழுதிய தாளில் ஒட்டினால் மாதக் கடைசியில் மழை எப்போது கொட்டியது, எப்போது ஓய்ந்தது என்று எண் படிக்கத் தெரியாத பிள்ளைகூடச் சொல்லும். வெளியே போகவே முடியாத வாரங்களில் சவ்சவ் இருக்கிறது. ஒரு காயை வெட்டாமல் அலமாரியில் வைத்துவிடுங்கள். அதற்குள் இருப்பது ஒரே ஒரு விதை. காய்க்குள்ளேயே முளைவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு கொடி வெளியே வரும். மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இன்னொரு காயைக் குறுக்காக வெட்டி வண்ணம் தொட்டு அச்சு வைக்கலாம்.

மார்கழிக்குக் கோலம். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும் ஊடுபுள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் பிள்ளை கூட்டல் படிக்கத் தொடங்கிவிட்டது. பொங்கல் காப்புக் கட்டுக்கு வரும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவைக் கட்டுவதற்கு முன்னால் பிள்ளை கையில் கொடுத்து, "இதில் எது நம்ம மலையில் இருக்கு?" என்று கேளுங்கள். எல்லாம் கீழேயிருந்து பஸ்ஸில் ஏறி வந்தவை. ஏன் வேம்பு நம் தெருவில் இல்லை என்ற கேள்வி அங்கே பிறக்கும். அதே மாதம் தெளிந்த இரவுக்கு மறுநாள் காலை ஏரியோரப் புல்லில் உறைபனி படிந்திருக்கும், மேட்டில் உள்ள வீட்டு வாசலில் இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கிவிடும் என்று சொன்னால் போதும்.

"இதெல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கு" என்று சொல்வார்கள். நானும் சீசனில் கடையில் நிற்கிறவள்தான். ஜாடியை வெளியே வைக்க ஒரு நிமிஷம்தான் ஆகும். பஞ்சுப் பனிமனிதனுக்குத்தான் ஒரு ராத்திரி போகிறது. நேரத்தைவிடப் பெரிய தடை நம் கை அரிப்புதான் என்று நினைக்கிறேன். பிள்ளை கோணலாக ஒட்டினால் பிடுங்கி நேராக்குகிறோம். கோடு தாண்டி வண்ணம் அடித்தால் ஸ்டேட்டஸில் போட முடியாது என்று நாமே அடித்து முடிக்கிறோம். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? கத்தரிக்கோல் வராத வயதில் தாளைக் கிழிக்க விடுங்கள், விரலுக்கு அதுவே பயிற்சி. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3 வகுப்பு வரை செயல்பாட்டோடுதான் பாடம் நடக்கிறது. வீட்டிலும் அதே வழியில் தொடர்ந்தால் பிள்ளைக்கு அலைச்சல் இல்லை.

சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வேலியில் மணி மணியாகத் தொங்கும் ஊமத்தைப் பூ பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு விஷம், பூ, இலை, விதை எதையும் பிள்ளை தொடக்கூடாது. உன்னிச்செடியின் பச்சைக் காய் வாய்க்குப் போகக்கூடாது. காட்டுமாடு நடமாடும் ஊர் என்பதால் இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்னும் இலை பொறுக்கப் போகவே வேண்டாம். 2013-லிருந்து நம்மைச் சுற்றியுள்ள காடு வனவிலங்கு சரணாலயம். உள்ளே போய் எதையும் பறிப்பது தவறு. தெருவிலும் சொந்த வாசலிலும் தானாக விழுந்ததே வருஷம் முழுக்கப் போதும்.

குறிஞ்சிக்கு மட்டும் எதையும் ஒட்ட முடியாது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. வட்டத்துக்குக் கீழே 2019-லிருந்து பன்னிரண்டு கட்டம் போட்டு வருஷத்துக்கு ஒன்றாகப் பச்சை அடிக்கிறோம். கடைசிக் கட்டத்துக்கு ஊதா ஸ்கெட்ச் பேனாவை அவள் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பருவப் பாடம் வரும்போது டைரியில் "சார்ட் கொண்டு வரவும்" என்று எழுதாமல், "இந்த வாரம் வீட்டுப் பக்கம் கிடைத்த மூன்று பொருள்களைப் பிள்ளையே கொண்டு வரட்டும்" என்று எழுதிப் பாருங்கள். வில்பட்டிப் பிள்ளை பூண்டுத் தாளோடு வரும். மன்னவனூரில் சொந்தக்காரர்கள் இருக்கும் பிள்ளை ஆட்டு ரோமம் கொண்டுவரும். பண்ணைக்காட்டில் தாத்தா வீடு உள்ள பிள்ளை காப்பிப் பழத்தோடு வரும். டவுன் பிள்ளை பைன் காயோடு வரும். அதையெல்லாம் எந்த ஊர் உயரம், எந்த ஊர் தாழ்வு என்று பார்த்து மேலிருந்து கீழாகச் சுவரில் அடுக்கினால் பழனி மலையே வகுப்புக்குள் வந்துவிடும். எந்த வகுப்பிலாவது இதைச் செய்வதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அட்டை வெட்டவும் பசை காய்ச்சவும் சனிக்கிழமை நான் வருகிறேன்.