நார்மல் சத்தமாம், நார்மல்!

என் காரின் டிக் டிக் சத்தத்துக்கு டீலர் சொன்ன பதில்: "எல்லா வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினிலும் இந்தச் சத்தம் வரும், நார்மல்தான்." நார்மல் என்றால், வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் பள்ளம் எப்படி விழுந்தது என்று எந்த டீலராவது சொல்லட்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக். சர்வீஸ் அட்வைசர் பானட்டைத் திறந்தார். கண்ணை மூடி, கச்சேரி கேட்பவர் மாதிரி தலையாட்டினார். "இன்ஜெக்டர் சத்தம்" என்றார். வால்வு கவர் பக்கம் காதை வைக்கச் சொன்னேன். "அப்படியானால் எக்ஸாஸ்ட்" என்றார். நான் முறைத்தேன். "ஆயில் சூடானால் போய்விடும்." சூடானது. போகவில்லை. "அப்போ நார்மல்." இந்த ஞானத்துக்குத் தனி பில் வேறு!

பிறகு மிஸ்ஃபயர் ஆரம்பித்தது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே இரும்புப் பொடி மினுங்குகிறது. கேமின் மேல் உருண்டு வால்வைத் திறக்கத் தள்ளும் பாகம்தான் லிஃப்டர். அதன் ரோலருக்குள் இருக்கும் ஊசி பேரிங் நொறுங்கி, ரோலர் இறுகிவிட்டது. 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு லிஃப்டரும் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கும், அதுவும் முரட்டு வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு. உருள வேண்டியது உருளாமல் உரசினால் கேம் என்ன ஆகும்?

அந்த ரோலர் குறுக்கே 2 செ.மீ. கூட இல்லை. அதை மாற்ற சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டுமாம்! எந்தப் புண்ணியவானின் டிசைன் இது? கேம் போனதால் புது கேம், கூடவே 16 லிஃப்டரும் புதிது, ஹெட் கேஸ்கெட், ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாத ஹெட் போல்ட். இன்ஜின் முழுக்கப் போன இரும்புப் பொடி மற்ற பேரிங்குகளை என்ன செய்திருக்கிறதோ, அது இனிமேல்தான் தெரியுமாம்.

அப்புறம் வருகிறார்கள் அறிவுரைத் திலகங்கள். "ஜிங்க் அதிகமுள்ள ஆயில் ஊற்றியிருக்கலாமே?" ஐயா, அது ரோலரே இல்லாத பழைய லிஃப்டர்களுக்குச் சொன்ன வைத்தியம். நொறுங்கின ஊசியை ஜிங்க் வந்து ஒட்டவைக்குமா? "ரொம்ப நேரம் வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஐடிலில் ஓட விட்டிருப்பீர்கள், ஐடிலில் கேம் பக்கம் ஆயில் சரியாகத் தெறிக்காது." நல்லது. மணிக்கு 250 கி.மீ. பறக்கிற இன்ஜினுக்கு சிக்னலில் நிற்கத் தெரியாது என்பதை விளம்பரத்திலேயே போட்டிருக்கலாம்.

இன்று கூலிங் கிளாஸை எடுக்க, சர்வீஸ் சென்டரில் பிரித்துப் போட்டிருக்கும் வண்டிக்குள் ஏறினால், டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, முழுசாகச் சாய்த்துவைத்திருக்கிறார்கள். ஹெட் இல்லாத இன்ஜினை வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு ஓட்டினீர்கள்? தூங்கினால் தூங்குங்கள், ஏசி எப்படியும் வராது. ஆனால் அந்தப் பர்கர் கவரை என் சீட்டிலேயே விட்டுப் போவது என்ன பழக்கம்?