அடுக்கணிப் பறத்தலில் இடைவெளியைப் பிடிப்பது கணினி அல்ல

"பெங்களூரு எலகங்கா விமானக் கண்காட்சியில் ஒட்டி ஒட்டிப் பறக்கும்போது இடைவெளியைக் கணினியே பார்த்துக்கொள்ளும். நம்ம ஓசூர் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் சின்ன விமானம் ஓட்டத் தெரிந்தால் போதும், நாமும் பறக்கலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முதலாவது தவறு, இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

பல விமானங்கள் ஒன்றையொன்று ஒட்டி அணியாகப் பறக்கும் அடுக்கணிப் பறத்தலில் இடைவெளியைப் பிடிப்பது விமானியின் கண்ணும் கையும்தான். பக்கத்தில் பறப்பவர் தலைமை விமானத்தை விட்டுப் பார்வையை எடுக்க மாட்டார். அதன் இறக்கை நுனி உடற்பகுதியின் எந்த இடத்தோடு நேராகத் தெரிகிறது என்பதைப் போன்ற அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் துளித்துளியாக நகர்த்துவார். வழி பார்ப்பதெல்லாம் தலைவர் பொறுப்பு. திரும்பும்போது உள்பக்கம் இருப்பவர் வேகத்தைக் குறைக்கணும், வெளிப்பக்கம் இருப்பவர் கூட்டணும்.

கடினமானது, தலைவரின் விமானத்தோடு வந்து சேரும் கட்டம். வேகம் மிஞ்சிவிட்டால் பதறி எதிர்ப்பக்கம் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் சொந்த விமானமே தலைவரை மறைத்துவிடும். அவரைப் பார்த்தபடியே, அவருக்குக் கீழே பின்னால் கடந்து வெளிப்பக்கம் போகணும். பார்வை தவறினால் உடனே விலகணும். இதை முதலில் தரையில் பேசி, பிறகு பயிற்றுநரோடு இரண்டே விமானங்களில் பழகுவார்கள். ஹார்வர்ட், யாக்-52 போன்ற பழைய ராணுவப் பயிற்சி விமானங்களுக்கும் இதே முறைதான்.

2019 பிப்ரவரியில் எலகங்காவில் ஒத்திகையின்போது இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரண் அணியின் இரண்டு ஹாக் ஜெட் விமானங்கள் மோதி ஒரு விமானி இறந்தார். அவர்கள் தேர்ந்த விமானிகள். உரிமம் கையில் இருக்கிறது என்று நண்பரின் விமானத்தை ஒட்டிப் பறக்க யாரும் கிளம்பிவிட வேண்டாம், தம்பி அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.