நுவரெலியாவில் 1,000 வொட் போதாது

சின்னத் தகர வீட்டுக்கு 1,000 வொட் ஜெனரேட்டர் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கொழும்பில் பரவாயில்லை, நுவரெலியாவில் போதாது. ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் எஞ்சினின் வலு சுமார் 3.5 வீதம் குறையும். நுவரெலியா இருக்கும் 1,870 மீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஓடும்போது 150 வொட் எடுக்கும் பிரிட்ஜ், ஸ்டார்ட் ஆகும் நொடியில் 600க்கு மேல் இழுக்கும். அதோடு நாலு பல்பு, டிவி என்றால் 2,000 வொட் இன்வேர்ட்டர் வகை (கரண்டைச் சீராக்கித் தரும்) ஜெனரேட்டரையே பாருங்கள்.

மேலே காற்று அடர்த்தி குறைவு, அதனால் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் காபரேட்டரில் பெட்ரோல் விகிதம் கூடிப்போகும். கறுப்புப் புகையும் ஸ்பார்க் பிளக்கில் கரியும் வருவது பெரும்பாலும் இதனால்தான். உயரத்துக்கான சிறிய மெயின் ஜெட் (காபரேட்டரில் பெட்ரோல் வரும் துளையுள்ள பாகம்) மாட்டினால் புகை நிற்கும், ஆனால் இழந்த வலு முழுதாகத் திரும்பாது. அதே மெஷினைக் கீழே கொண்டுபோனால் பழைய ஜெட்டைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறிப் பழுதாகும்.

தயவுசெய்து மழைக்குப் பயந்து குசினியிலோ இஸ்தோப்பிலோ வைத்து ஓட்டாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. லயத்தில் (ஒட்டிய வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக் கொல்லும். 20 அடி தள்ளி, புகைக்குழாயை வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மேலே மட்டும் தகரம் போட்டு வையுங்கள். ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் செருகிக் கரண்ட் ஏற்றினால் அது வெளியே லைனுக்கும் போய், அங்கே வேலை செய்பவரின் உயிர் போகும். வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.