34 வயசுக்கு வயிற்றில் கேன்சர் வராதா?

எங்க ஆபீசில் பக்கத்து சீட் ஒரு மாவோரிப் பெண், நியூசிலாந்தின் பூர்வகுடி. 34 வயசு. ஆக்லாந்துக்கு வந்து நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் டிராயரில் அசிடிட்டி மாத்திரை அட்டை இல்லாமல் பார்த்ததில்லை. மதியம் நாலு வாய்க்கு மேல் இறங்காது. மூன்று தடவை டாக்டரிடம் போனாள். மூன்று தடவையும் அதே மாத்திரை, "இந்த வயசில் பயப்பட ஒன்றுமில்லை" என்ற அதே பதில். நாலாவது தடவை அழுது சண்டை போட்டுத்தான் எண்டோஸ்கோபி கிடைத்தது. இரைப்பைப் புற்றுநோய்.

கோபம் இன்னும் அடங்கவில்லை எனக்கு. இந்த நாட்டில் மாவோரிகளுக்கு இது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது, சின்ன வயசிலேயே வருகிறது. நேற்று தெரிந்த சங்கதியா இது? டவுரங்கா பக்கம் ஒரே மாவோரிக் குடும்பத்தில் முப்பது வருஷத்துக்குள் 25 பேருக்கு மேல் இதில் போய்விட்டார்கள், 14 வயசுப் பிள்ளை உட்பட. சாபம் என்றுகூடப் பேச்சு இருந்தது. அந்தக் குடும்பம் அதை நம்பி உட்காரவில்லை. ஒட்டாகோ பல்கலைக்கழக விஞ்ஞானி பாரி கில்ஃபோர்டை அவர்களே தேடிப் போனார்கள். யார் யாருக்கு எந்த வயசில் வந்தது என்று வம்சாவளியைத் திரட்டினார்கள், ரத்தம் கொடுத்தார்கள். 1998-ல் விடை வந்தது: சிடிஎச்1 என்ற மரபணுவில் கோளாறு. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் இந்தப் பரிசோதனை நடந்தாலும் அது அவர்கள் போட்ட பாதை.

இந்த மரபணுக் கோளாறால் வரும் புற்றுநோய் கட்டியாகத் திரளாது. இரைப்பையின் உள்தோலுக்கு அடியில், மாவில் உப்பைத் தூவினதுபோல் செல்கள் சிதறிக் கிடக்கும். கேமரா விட்டும் தப்பிவிடலாம். அதனால்தான் மரபணுக் கோளாறு இருப்பவர்களில் பலர், நோய் தெரியும் முன்பே முழு இரைப்பையையும் எடுத்துவிடுகிறார்கள்.

"அவங்க இனத்துக்கே அப்படி" என்று நம்மவர்களே சொல்லிக் கேட்டேன். தப்பு. அந்தக் கோளாறு சில குடும்பங்களில்தான். எச். பைலோரி என்ற கிருமியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே அதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. சின்ன வயசில், நெரிசலான வீட்டில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். ஒரு அறையில் ஐந்து பேர் படுப்பது ரத்தத்தில் வந்த குணமா? வாடகையும் சம்பளமும் செய்கிற வேலை அது. அமெரிக்காவிலும் ஹிஸ்பானிக் மக்களுக்கு இந்த நோய் வெள்ளையர்களைவிட இளவயதில் வருகிறது. அங்கேயும் மரபணுவை மட்டும் கைகாட்டிவிட்டுப் போக முடியாது. மாத்திரையை நீட்டும் முன் "வீட்டில் யாருக்காவது இருந்ததா?" என்று ஒரு கேள்வி கேட்க எத்தனை நிமிஷம் ஆகும்? என் சிநேகிதியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் பாட்டி போனது வயிற்று நோயில்.

இப்போது அவளுக்கு இரைப்பை இல்லை. உணவுக்குழாயைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஆயுசுக்கும் பி12 ஊசி. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஆறு குட்டி டப்பா. நேற்று நான் கொண்டுபோன இட்லியில் பாதியை இருபது நிமிஷம் மென்று மென்று சாப்பிட்டாள். அவள் தங்கைக்கு 29 வயசு. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள், ரிசல்ட் இன்னும் வரவில்லை.