பன்னிக் காதுக்கு அறுபது மடங்கு

(மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் கடிகாரமும் கேமராவும் பழுது பார்க்கும் சின்னக் கடை. முதலாளி செல்லையா. செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டும் குமார், துப்பாக்கி லைசென் கிடைத்த குஷியில் உள்ளே வருகிறான்.)

குமார்: அண்ணே, அந்த ஒத்தக்கண்ணு தூரப்பார்வைக் குழாய் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?

செல்லையா: 20-லேர்ந்து 60. முன் கண்ணாடி 80 மில்லிமீட்டர். யாருக்கு?

குமார்: எனக்குத்தான். காட்டுப்பன்னி பார்க்க.

செல்லையா: எங்க இருக்கிற பன்னி? நிலாவுலயா?

குமார்: மச்சான் 10 மடங்கு பைனாகுலர் வச்சிருக்கான்ணே. நான் 60 வாங்கிட்டுப் போய் நின்னா...

செல்லையா: ஓ, பன்னிக்கு இல்ல, மச்சானுக்கு. சரி, உன் தோட்டத்துல மர நிரைக்குள்ள எவ்வளவு தூரம் தெரியும்?

குமார்: மட்டையெல்லாம் தொங்குது. மிஞ்சிப்போனா 50 மீட்டர்.

செல்லையா: 60 மடங்குல, 1000 மீட்டர் தள்ளிப் பார்த்தா தெரியிற அகலமே ஏறக்குறைய 18 மீட்டர்தான். 50 மீட்டர்ல அது 90 சென்டிமீட்டர். பன்னியோட காது தெரியும். வாலைப் பார்க்க நீ தனியா லைசென் எடுக்கணும்.

குமார்: 20-க்கு இறக்கிக்கிட்டா?

செல்லையா: 2 மீட்டர் தெரியும். ஒரு பன்னி முழுசா அடங்கும், அதுவும் நின்னு போட்டோவுக்கு மூஞ்சி காட்டினா. சாதாரண 8 மடங்கு பைனாகுலர் 1000-க்கு 130 மீட்டர் காட்டும். உன் 50-க்கு ஆறரை மீட்டர். தாயும் குட்டியும் சேர்ந்து தெரியும்.

குமார்: அப்ப இந்தக் குழாயை எதுக்குலா செய்யுறான்?

செல்லையா: மலை வேட்டைக்கு. நியூசிலாந்துல தெற்கு ஆல்ப்ஸ்னு ஒரு மலைத்தொடர். 1904-ல இமயமலை வரையாட்டைக் கொண்டுபோய் அங்க விட்டாங்க. பள்ளத்தாக்குக்கு அந்தாண்ட 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அது கிடாவா, பெட்டையா, வெறும் பாறையான்னு தெரியாம அரை நாள் எவன் ஏறுவான்? அவங்களும் முதல்ல பைனாகுலர்லதான் தேடுவாங்க. கண்டபிறகுதான் குழாய். வெயில் ஏறிட்டா 60-ல வச்சுப் பார்க்க முடியாது, கானல்ல ஆடு நீச்சலடிக்கும். 25, 30-க்கு இறக்கிடுவாங்க.

குமார்: ஒரு தடவை பார்த்துக்குறேன்ணே. (குழாயைக் கையில் தூக்கி எதிர்வரிசையில் நாலு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடையின் முடிவுப் பலகையைப் பார்க்கிறான்.) ஐயோ, பலகை குதிக்குதே... 4... 7... 1... 8! அண்ணே, 4718! என் நம்பர்!

செல்லையா: முக்காலி ஸ்டாண்டு இல்லாம 60-ல புடிச்சா கை நடுக்கமும் 60 மடங்கு. இந்தா, இந்த 8-ஐப் புடி. முழங்கையை விலாவோட சேர்த்துக்க.

குமார்: (நெடுநேரம் பார்த்து) ...4713. இது வேணாம்ணே. மோசமான கண்ணாடி.

செல்லையா: கண்ணாடி நல்லதுதான். நம்பர்தான் மோசம்.

குமார்: சரி, 8 போதும்னு வைங்க. ஆனா மச்சான் 10-ல பார்ப்பானே?

செல்லையா: அவனோடது 10-க்கு எத்தனை? முன் கண்ணாடி எத்தனை மில்லின்னு கேட்குறேன்.

குமார்: 25. சட்டைப் பையில அடங்கும்.

செல்லையா: 25-ஐ 10-ஆல வகு. கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டம் 2.5 மில்லி. பன்னி வெளிய வர்றது பொழுது சாயுறப்ப, ஏழு மணிக்கு. அப்ப உன் கண்மணி 5, 6 மில்லி விரிஞ்சிருக்கும். மச்சான் சாவித் துவாரத்துல எட்டிப் பார்க்குறான். இது 8-க்கு 42. வகுத்தா 5.25. அந்தக் குழாய் 60-ல 1.3.

குமார்: ஆன்லைன்ல 100-க்கு 180-னு 89 வெள்ளிக்குப் போட்டிருக்கான்ணே.

செல்லையா: 180 மில்லி கண்ணாடின்னா பக்கத்துக்கு ஒரு பசியாறுற தட்டு. ரெண்டையும் தூக்க ஆள் கூட்டிட்டுப் போவியா? வந்ததும் அளவுகோல் வச்சுப் பாரு, குட்டு உடைஞ்சிடும். செவப்பா மினுக்குற கண்ணாடியும் வேணாம். அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது.

குமார்: நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செல்லையா: முன் கண்ணாடியை டியூப் லைட்டுக்குக் காட்டு. பிரதிபலிப்பு பச்சையா, ஊதாவா மங்கித் தெரிஞ்சா பூச்சு இருக்கு. பளிச்சுன்னு வெள்ளையா தெரிஞ்சா அந்த இடத்துல பூச்சே இல்ல. அப்புறம் ஒரு அடி தள்ளிப் புடிச்சு, கண் வைக்கிற பக்கம் தெரியிற வெளிச்ச வட்டத்தைப் பாரு. முழு வட்டமா இருக்கணும். நாலு ஓரமும் வெட்டினாப்ல சதுரமா தெரிஞ்சா உள்ள வெளிச்சத்தைத் திருப்புற கண்ணாடிக் கட்டி, அதான் பிரிசம், மட்டமானது. கடைசியா அந்தக் கரண்டுக் கம்பியைப் பார்த்துக்கிட்டே மெதுவா கண்ணைவிட்டு நகர்த்து.

குமார்: ஒரே கம்பிதான்.

செல்லையா: ரெண்டாப் பிரிஞ்சு மேல கீழ போனா உள்ள அச்சு விலகியிருக்கு. கீழ விழுந்த சாமான்ல இதான் கோளாறு. கால் மணி நேரம் பார்த்தா தலைவலி. நீ பெனடால் முழுங்கிட்டு பனியைக் குறை சொல்லுவ.

குமார்: வலது கண்ணு மட்டும் மங்கலா இருக்கே?

செல்லையா: நடுச் சக்கரத்தைத் திருகிட்டு அவ்வளவுதான்னு விட்டா அப்படித்தான். வலது முன் கண்ணாடியைக் கையால மூடு. இடது கண்ணுக்கு நடுச் சக்கரம். இப்ப இடதை மூடி, அதே கம்பியைப் பாரு. வலது கண் வளையத்தை மட்டும் திருகு. வளையம் எந்தக் கோட்டுல நிக்குதுன்னு ஞாபகம் வச்சுக்க. இனி நடுச் சக்கரம் போதும். மூக்குக் கண்ணாடி போடுறவங்கன்னா ரப்பர் கப்பை இறக்கிக்கணும், கண்ணுக்கும் பைனாகுலர் பின் கண்ணாடிக்கும் உள்ள கண் தூரம் 15 மில்லிக்குக் குறையாத சாமானா வாங்கணும்.

குமார்: மோட்டார் சைக்கிள் பெட்டியிலயே வச்சுக்கலாமா?

செல்லையா: வை. ஆறு மாசத்துல உள்ள பூஞ்சணம் சிலந்திவலை பின்னிடும், எல்லாப் பன்னியும் தாடியோட தெரியும். நைட்ரஜன் அடைச்சதா வாங்கினா உள்ள ஆவி புடிக்காது, ஆனா வெளிக் கண்ணாடியில பூஞ்சணம் வரத்தான் செய்யும். மூடி இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40-லேர்ந்து 50 சதவீதம். அரிசி டின்ல போடாத, தூசி போகும்.

குமார்: துப்பாக்கி மேல ஒரு ஸ்கோப் மாட்டிட்டா இதெல்லாம் வேணாமே?

செல்லையா: (சிரிக்காமல்) அதால தேடுறதுன்னா ஒவ்வொண்ணுக்கும் துப்பாக்கியை நீட்டணும். புதர் அசையுது. பன்னியா, உதிரிப் பழம் பொறுக்குற ஆளான்னு முதல்ல பைனாகுலர்ல பாரு. துப்பாக்கி லைசென் மட்டும் போதாது, வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தான்ல வேட்டை லைசென் எடுத்தியா?

குமார்: நாளைக்குப் போறேன்ணே.

செல்லையா: அப்ப நாளைக்கப்புறம் சுடு.

குமார்: (விலையைக் கேட்டு, பெருமூச்சு விட்டு, பாதிப் பணம் எண்ணி வைக்கிறான்.) மச்சான் கேட்டா 8-னு சொல்ல வெக்கமா இருக்குமே.

செல்லையா: 42-னு சொல்லு. அவனோடது 25.

குமார்: (முகம் மலர்ந்து) 42! அண்ணே, இதைக் கொஞ்சம் புடிங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்.

செல்லையா: எங்க?

குமார்: நம்பர் கடைக்கு. 0842.