நாற்காலி அடுக்குவதும் சாட்சிதான்

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில், கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் நடந்ததை நான் மறுபடி விளக்க வேண்டாம், வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தீர்கள். வாராவாரம் நாற்காலி அடுக்கும் அந்த அக்கா மைக்கை வாங்கி, "முழங்கால் வலியோட இந்த வாரமும் நாற்காலியெல்லாம் துடைச்சு அடுக்க கர்த்தர் பெலன் தந்தார், ஸ்தோத்திரம்" என்றார். அவ்வளவுதான். உடனே மேடையிலிருந்து ஒரு குரல், "பெரிய காரியம் ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா, நேரமில்லை." சபையும் சேர்ந்து சிரித்தது. மூன்று நாளாக அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

பெரிய காரியம்! வேதத்தில் வரும் குஷ்டரோகி, சீரியப் படைத்தலைவன் நாகமானுக்கும் இதே வியாதிதான், குஷ்டத்தைச் சொல்லவில்லை, பெரிய காரியத்தையே தேடும் வியாதியைச் சொல்கிறேன். தீர்க்கதரிசி வெளியே வந்து, நின்று, கையை அசைத்து ஏதாவது செய்வார் என்று நினைத்தவன், குணமாக யோர்தான் ஆற்றில் 7 தரம் முழுகு என்றதும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனுக்கு முதலில் வழி சொன்னதோ வேதத்தில் பெயர்கூட எழுதப்படாத ஒரு சின்னப் பெண். நம் சபையாக இருந்தால் அவளிடம் மைக்கைக் கொடுத்தே இருக்க மாட்டோம்.

ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் 5,000 பேர் சாப்பிட்டு முடித்த பிறகு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள் என்று சொன்னவர் இயேசு. 12 கூடை. அந்த அற்புதத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று, குனிந்து பொறுக்கியவர்களைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை.

"சுவிசேஷம் சொல்வதுதான் முக்கியம், நாற்காலி இல்லை" என்று யாராவது வருவீர்கள், தெரியும். பிரான்சில் லிசியு என்ற ஊரின் கன்னியர் மடத்துக்கு 15 வயதில் போன தெரேசா, அதற்குப் பிறகு எந்தத் தேசத்துக்கும் ஊழியத்துக்குப் போனதில்லை. 1897-ல் 24 வயதில் இறந்தார். அன்றாடச் சின்ன வேலைகளை அன்போடு செய்ததுதான் அவர் வழி. அவரைத்தான் 1927-ல் கத்தோலிக்கத் திருச்சபை மறைப்பணிகளின், அதாவது சுவிசேஷ ஊழியங்களின், பாதுகாவலராக அறிவித்தது. "நாம் கத்தோலிக்கர் இல்லையே" என்பீர்கள். சரி, அந்தச் சண்டை இன்னொரு நாள்.

"வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று வசனம் இருக்கிறதே, அந்த அக்கா ஏன் மைக்கில் சொன்னார்?" இதையும் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டுவிட்டார். ஆஹா! ஒவ்வொரு ஜெபத்தையும் மூன்று கோணத்தில் படம் பிடித்துப் போடும்போது அந்த வசனம் எங்கே போயிருந்தது பிரதர்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அம்மா ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். சபையின் போன் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் குவிந்தன, வீட்டுக்கு வந்தது அந்த அக்கா மட்டும்தான். நீளமாக ஜெபிக்கவும் மாட்டார். நகம் வெட்டிவிடுவார், தலையில் சிக்கெடுத்துச் சீவிவிடுவார், போய்விடுவார். அவர் வந்து போன நாட்களில் அம்மா அமைதியாகத் தூங்குவார். அது அற்புதம் இல்லையென்றால் எது அற்புதம், நீங்களே சொல்லுங்கள்.

நானும் பதினோரு வருடம் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேடு எழுதினேன். ஒரு ஆண்டு விழாவில்கூட என் பெயர் வந்ததில்லை. கேட்டேனா? கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆக, இடது கை வசனம் எனக்கும்தான்.

அன்று ஆராதனை முடிந்ததும் அந்த அக்கா வழக்கம்போல நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் வாசலில் நின்று இரண்டு பேரிடம் பொருமிக்கொண்டிருந்தேன். ஒரு நாற்காலியைக்கூடத் தூக்கவில்லை.