பொய் பிடிக்கிற மெஷினைக் கட்டியவரின் லைசன்ஸ் எங்கே?

என் சின்னம்மாவின் மகன் வேலையை விட்டுவிட்டான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் விடவைத்தார்கள். கொழும்பில் ஒரு கொம்பனியின் ஸ்டோர்ஸில் நாலு வருடம் இருந்தவன். கையிருப்பில் சில போன்கள் குறைந்தன. சாவி கையாளுகிற ஆறு பேரையும் ஒருநாள் காலை வரிசையாக ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே வெளியாள் ஒருவர், ஒரு லெப்டொப், வயர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, கையில் பிரஷர் பார்ப்பது போல ஒரு பட்டி, விரல்களில் இரண்டு கிளிப். நாற்பது நிமிடத்தில் எழும்பிப் போகச் சொன்னார்கள். மறுநாள் கூப்பிட்டு, "மெஷின் உன்னைத்தான் காட்டுது, நீயாகவே கடிதம் தந்துவிட்டுப் போனால் பொலிசுக்குப் போகமாட்டோம்" என்றார்கள். தந்துவிட்டு வந்துவிட்டான். 26 வயது, அப்பா இல்லை, பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்கு வேறொன்றும் ஓடவில்லை.

அன்றிரவு கொட்டாஞ்சேனை வீட்டில் அவனை இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான் வெள்ளவத்தையில் ஒரு ஃபார்மசியில் மருந்தாளராக இருக்கிறேன். அதனால் என் முதல் கேள்வி வேறு மாதிரி இருந்தது. "தம்பி, அன்றைக்கு இன்ஹேலர் பாவிச்சியா?" பாவித்திருக்கிறான். மூன்று மாடி ஏறி, பயத்தில் மூச்சு இறுகி, கதவுக்கு வெளியே நின்று இரண்டு தரம் இழுத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான். அதில் இருப்பது சல்பியூட்டமோல். அது நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், கை நடுங்க வைக்கும், இதை என் கடைக்கு வருகிற அம்மாமாருக்கு நான் தினமும் சொல்கிறேன். அந்த மனிதர் அவனிடம் என்ன வருத்தம் இருக்கிறது, என்ன மருந்து எடுக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்த இடம் அதுதான். நான் ஒரு குளிசை அட்டையை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் படித்து, பயிற்சி எடுத்து, சோதனை எழுதி, இலங்கை மருத்துவ சபையில் பெயர் பதிந்திருக்க வேண்டும். கடைக்குத் தனியாக அனுமதிப்பத்திரம், வருடா வருடம் புதுப்பித்தல். நான் பிழையாக மருந்து கொடுத்தால் என் பெயரைச் சொல்லி முறையிட ஒரு இடம் இருக்கிறது. ஓட்டோ ஓடுகிற அண்ணனுக்கும் லைசன்ஸ் வேண்டும். ஒரு பிள்ளையின் உடம்பில் வயரைக் கட்டி, அவன் கள்ளனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற மனிதரிடம் எந்தப் பத்திரத்தை நாங்கள் கேட்பது, யாரிடம் போய் முறையிடுவது? தம்பிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

சரி, பொலிகிராப் என்கிற இந்த மெஷின் அதிகம் புழங்குகிற அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து வாசித்தேன். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. லைசன்ஸ் கேட்கிற மாநிலங்களில் பொதுவாக அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் படித்திருக்க வேண்டும், குற்றப் பதிவு இருக்கக்கூடாது, ஏற்கெனவே லைசன்ஸ் உள்ள ஒருவருக்குக் கீழே சில மாதங்கள் பயிற்சி, அப்புறம் சோதனை. பட்டம் அல்லது விசாரணை வேலையில் அனுபவம் கேட்கிற மாநிலங்களும் உண்டு. 1966இல் தொடங்கிய அமெரிக்கப் பொலிகிராப் சங்கம் தான் அங்கீகரிக்கிற பள்ளிகளில் குறைந்தது 400 மணித்தியாலப் படிப்பைக் கேட்கிறது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதற்கும் மேலே இருக்கிற மத்திய சட்டம். 1988ஆம் ஆண்டின் ஊழியர் பொலிகிராப் பாதுகாப்புச் சட்டம். பெயரிலேயே யாருக்குப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான தனியார் முதலாளிமார் ஊழியரையோ வேலைக்கு விண்ணப்பிப்பவரையோ இந்த மெஷினில் இருத்தவே முடியாது. களவு போன்ற நட்டம் நடந்து, அந்தப் பொருளைக் கையாளும் வாய்ப்பு ஒருவருக்கு இருந்து, அவர்மேல் நியாயமான சந்தேகமும் இருந்தால் மட்டும் கேட்கலாம், அதையும் எழுத்தில், 48 மணித்தியாலம் முன்னதாக. சோதிப்பவரிடம், அந்த மாநிலம் கேட்டால், செல்லுபடியாகும் லைசன்ஸ் இருக்க வேண்டும், அதோடு குறைந்தது 50,000 டொலருக்குப் பிணைமுறி அல்லது அதற்கு ஈடான காப்புறுதி. ஒரு சோதனை 90 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, ஒரு நாளில் ஐந்துக்கு மேல் செய்யக்கூடாது. கேள்விகள் முழுவதையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். மதம், அரசியல், தொழிற்சங்கம், பாலியல் வாழ்க்கை பற்றிக் கேட்கக்கூடாது. எந்த நிமிடத்திலும் போதும் என்று எழும்பலாம். உடல்நிலையோ சிகிச்சையோ முடிவைக் குழப்பும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தால் சோதிக்கவே கூடாது. மெஷின் கீறிய வரைபடங்களையும் கேள்விகளையும் மூன்று வருடம் பாதுகாத்து வைக்க வேண்டும். இவரை வேலையில் வைக்கலாமா வேண்டாமா என்று சோதித்தவர் தன் அறிக்கையில் ஒரு வரிகூட எழுதக்கூடாது. வேறு ஆதாரம் எதுவும் இல்லாமல் அந்த முடிவை மட்டும் வைத்து முதலாளி வேலையிலிருந்து நிற்பாட்டவும் முடியாது.

இதை வாசித்துவிட்டுத் தம்பியின் காலையை நினைத்துப் பாருங்கள். ஆறு பேர், ஆளுக்கு நாற்பது நிமிடம், கேள்விகள் முன்பே காட்டவில்லை, மறுநாள் வேலை போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம்முடைய நாட்டுக்கே உரிய பிரச்சினை. கேள்விகளை அவர் ஆங்கிலத்தில் வாசிக்க, பக்கத்தில் இருந்தவர் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். தம்பி சிங்களம் கதைப்பான், புறக்கோட்டையில் பேரம் பேசுகிற அளவுக்கு நன்றாகவே கதைப்பான். ஆனால் இந்தச் சோதனை நிற்பதே சொற்களின் மேல்தான். பரவலாகச் செய்கிற முறையில் இரண்டு வகைக் கேள்விகள் கலந்து வரும். ஒன்று விஷயத்தை நேராகக் கேட்பது, "அந்தப் போன்களை நீ எடுத்தாயா?" மற்றது எவரையும் கொஞ்சம் சங்கடப்படுத்துகிற பொதுவான கேள்வி, "உன்னை நம்பியவரை எப்போதாவது ஏமாற்றியிருக்கிறாயா?" என்பது போல. களவெடுக்காதவர் பொதுக் கேள்விக்குத்தான் கூடத் தடுமாறுவார், எடுத்தவர் நேர்க் கேள்விக்குத் தடுமாறுவார் என்பது அவர்களின் கணக்கு. அந்த இரண்டாவது கேள்வியின் நெளிவு ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தொலைந்தால் ஒப்பிட என்ன மிச்சம்? "போன்", "நீ" என்ற இரண்டு சொல் மட்டும் கூராக வந்து குத்தியிருக்கும். களவே எடுக்காத எனக்கும் அந்தக் கதிரையில் இருந்தால் நெஞ்சு அடிக்கும். லைசன்ஸ் என்று ஒன்று இந்த நாட்டில் வருமென்றால், சோதிக்கப்படுபவரின் தாய்மொழியில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் முதல் நிபந்தனைகளில் இருக்க வேண்டும்.

லைசன்ஸ் கொடுத்தால் மெஷின் உண்மை சொல்லிவிடுமா என்று என் மூத்த அண்ணா கேட்டார். சொல்லாது. 1921இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஜோன் லார்சன் கட்டிய கருவி இரத்த அழுத்தத்தையும் மூச்சையும்தான் அளந்தது, இன்றைய மெஷின் அதோடு விரல் வியர்வையையும் அளக்கிறது. பொய்யை நேரடியாக அளக்கிற கருவி எதுவும் அதற்குள் இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை 2003இல் இதை முழுவதுமாக ஆராய்ந்து, குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிய சோதனையில் இது கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிட நன்றாகவே மேல், ஆனால் முழுச் சரிக்கு வெகு தூரம் என்று சொன்னது. சோவியத்துக்கு வேலை செய்த சிஐஏ அதிகாரி ஓல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இந்தக் கதிரையில் இருந்து பாஸாகி எழும்பிப் போனவர். டெக்சாஸ் மாநிலம் 2021இல் தன் பொலிகிராப் லைசன்ஸ் முறையையே எடுத்துவிட்டது. இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். நான் கேட்கிற லைசன்ஸ் மெஷினுக்கு மரியாதை சேர்ப்பதற்காக இல்லை. வயரைக் கட்டுகிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு கோடு போடுவதற்கும், தாண்டினால் அவர் பெயரைச் சொல்லி முறையிட ஒரு கதவு இருப்பதற்கும்தான்.

பக்கத்து நாட்டில் 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், சம்மதம் இல்லாமல் ஒருவரைப் பொலிகிராப் சோதனைக்கு உட்படுத்த முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம்முடைய 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக்கூட வழக்கில் ஒருவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அதில் ஓட்டை போட்டது, அந்த ஓட்டைக்குள் போன பிள்ளைகளின் குடும்பங்கள் எத்தனை என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூடிய அறைக்குள் பயந்த ஒருவன் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்று நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த நாட்டில், அவன் வாய் திறக்காமல் அவன் வியர்வை சொன்னதாக ஒருவர் சொல்வதை நம்பி வேலையைப் பறிக்கிறார்கள்.

சம்மதம் என்ற பெயரில் தம்பியிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருந்தது, வாசிக்க நேரம் தரவில்லை. மற்ற ஐந்து பேரும் போட்டபிறகு அவன் மட்டும் மாட்டேன் என்றால் அதுவே களவுக்குச் சாட்சியாகிவிடாதா? அதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியாது.

உங்கள் வேலைத்தலத்தில் நாளைக்கு இந்தக் கதிரை வந்தால் தயவுசெய்து கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, எங்கே படித்தீர்கள், எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள், கேள்விகளைத் தமிழில் எழுதித் தருவீர்களா, நான் எடுக்கிற மருந்துகளைக் குறித்துக்கொள்வீர்களா, வரைபடத்தின் பிரதி எனக்குக் கிடைக்குமா. பதிலை எழுதி வையுங்கள், திகதியோடு. கடிதம் எழுதித் தா என்றால் அன்றைக்கே எழுதாதீர்கள், வீட்டுக்கு வந்து யாரிடமாவது கதையுங்கள்.

புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். பயமுறுத்தி வாங்கிய இராஜினாமாவை வேலைநீக்கம் என்றே தொழில் நியாய சபையில் வாதிடலாம் என்றார், விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அந்த வரைபடத்தையும், சோதித்தவரின் பெயரையும் தகைமையையும் கேட்டுக் கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி மூன்று கிழமை ஆகிறது. பதில் வரவில்லை. தம்பி இப்போது கிராண்ட்பாஸில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நாள் கூலிக்கு நிற்கிறான், பழைய வேலையை ஏன் விட்டாய் என்று முதலாளி கேட்டபோது என்ன சொன்னாய் என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான்.